மாமன்றம் வாங்கும் மென்பொருள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாநகராட்சி ஒரு சாலை போட்டால் நாம் போய்ப் பார்க்கிறோம். தரம் சரியில்லை என்றால் அடுத்த மழையிலேயே தெரிந்துவிடும், தெருவே கூடிக் கேள்வி கேட்கும். அதே மாநகராட்சி கணக்கு எழுதவும் சம்பளம் போடவும் சொத்து வரி வசூலிக்கவும் ஒரு மென்பொருள் வாங்கினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மன்றக் கூட்டத்தில் பல பொருள்களுக்கு நடுவே அதுவும் ஒரு பொருளாக வரும், 'ஆல் பாஸ்' என்று போய்விடும். அப்படி வாங்கியது சரியாக ஓடாவிட்டால் ஒரு ஊருக்கு என்ன ஆகும்? இதைச் சொல்ல நான் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே நடந்ததைத் தணிக்கையாளர்கள் தோண்டியெடுத்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

பர்மிங்காம் நகரில் 11 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். நகர மன்றத்தில் 101 கவுன்சிலர்கள். அந்த நகராட்சி 1999 முதல் எஸ்ஏபி என்ற மென்பொருளில் கணக்கு எழுதி வந்தது. அது பழையதாகிவிட்டது, ஆரக்கிள் நிறுவனத்தின் புதிய மென்பொருளுக்கு மாறலாம் என்று 2019-இல் முடிவு செய்தார்கள். ஒதுக்கிய தொகை சுமார் 2 கோடி பவுண்டு, நம் பணத்தில் 200 கோடி ரூபாயை ஒட்டி வரும். 2021-இல் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. 2022 ஏப்ரலில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, எல்லாம் சரியாக 10 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்றார்கள்.

விலை ஏறியதை விட, அது ஏன் ஏறியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொடக்கத்தில் அவர்கள் போட்டுக்கொண்ட விதி நல்ல விதி: மென்பொருள் எப்படி வருகிறதோ அப்படியே எடுத்துக்கொள்வோம், நம் வேலை முறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். நடந்தது நேர்மாறு. இருபது வருடப் பழக்கத்தை விட மனம் வரவில்லை. இந்தத் துறைக்கு ஒரு மாற்றம், அந்தப் பிரிவுக்கு ஒரு மாற்றம் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ஆயத்த ஆடையை வாங்கிவந்து, ஒவ்வொரு தையலாகப் பிரித்து, வேறு அளவுக்குத் தைத்த மாதிரி ஆயிற்று.

அதில் உடைந்தது எது தெரியுமா? வங்கிச் சரிக்கட்டு. கணக்கு எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வங்கியில் வந்த பணத்தையும் நம் பதிவேட்டில் எழுதிய பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று டிக் அடித்துப் பார்க்கும் வேலை. எந்தக் கணக்குப் பிரிவுக்கும் அடிப்படை வேலை அதுதான். பர்மிங்காமில் தங்களுக்கென்று தனியாக மாற்றி எழுதிய அந்தப் பகுதி சரியாக ஓடவில்லை. வந்த பணம் எந்தத் தலைப்பில் சேர வேண்டுமோ அதில் சேரவில்லை. ஊழியர்கள் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டியிருந்தது. நகராட்சிப் பள்ளிகளின் கணக்கும் சிக்கியது. கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நிதிப் பிரிவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தணிக்கைக்குக் கணக்கை முடித்துக் கொடுக்கவும் முடியவில்லை.

2023 செப்டம்பர் 5-ஆம் தேதி பர்மிங்காம், 1988-ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆவது பிரிவின் கீழ் அறிவிப்பு வெளியிட்டது. சட்டப்படி கட்டாயமானவை தவிர வேறு புதிய செலவு செய்ய முடியாது என்று பொருள். இதற்கு மென்பொருள் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராததால் சேர்ந்த பாக்கிதான் பெரிய சுமை, அன்றைய மதிப்பீட்டில் 76 கோடி பவுண்டு வரை சொன்னார்கள். ஆனால் ஊதியப் பாக்கி கழுத்தை நெரிக்கும் நேரத்தில் கணக்குப் புத்தகமே தெளிவாக இல்லை என்றால் ஒரு நிர்வாகம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பிரிட்டன் அரசு, நகராட்சியைக் கண்காணிக்க ஆணையர்களை அனுப்பியது. 2024-இல் நகராட்சி வரி சுமார் 10 சதவீதம் உயர்ந்தது. செலவைக் குறைப்பதற்காக நூலகங்களிலும் இளைஞர் சேவைகளிலும் கைவைத்தார்கள். மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேள்விப்படாத ஒரு குடும்பம், தன் தெரு நூலகம் திறந்திருக்கும் நேரம் குறைந்ததில் இதன் விலையைக் கொடுத்தது.

கிராண்ட் தார்ன்டன் என்ற தணிக்கை நிறுவனம்தான் இதை ஆராய்ந்தது. மென்பொருள் தயாராகாத நிலையிலேயே ஓடவிட்டார்கள் என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. கவுன்சிலர்களுக்குப் போன அறிக்கைகள் நிலைமையை உள்ளதைவிட நம்பிக்கையாகக் காட்டின என்பது இன்னொன்று. எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது. கெட்ட செய்தியை மேலே சொல்ல எல்லோரும் தயங்கியிருக்கிறார்கள். மன்றத்தில் அமர்ந்தவர்களிலும், உடைந்திருக்கிறதா என்று தோண்டிக் கேட்டவர்கள் போதவில்லை. கடைசியில், மாற்றம் எதுவும் செய்யாமல் மென்பொருளை வந்தபடியே மறுபடி நிறுவுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2019-இல் போட்ட அதே விதி.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் நல்ல சட்டம் இருக்கிறது: 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000-ஆம் ஆண்டில் வந்த அதன் விதிகள். டெண்டர் விட்டால் 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். மதிப்பீட்டு முறையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறைந்த விலைப்புள்ளியைத்தான் ஏற்க வேண்டும். உறை பிரிப்பதில் ஊழல் நடக்காமல் காக்க இந்தச் சட்டம் வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் மென்பொருளில் பெரிய பணம் போவது உறை பிரிக்கும் இடத்தில் அல்ல. நமக்கு என்ன வேண்டும் என்று எழுதும்போது பாதி போகிறது, வாங்கிய பிறகு ஆண்டு ஆண்டாக மீதி போகிறது. மன்றத்தின் முன் வருவது நடுவில் இருக்கும் அந்த ஒரு விலை மட்டும்தான்.

இதில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனிக் கதையும் உண்டு. 2015-இல் சீர்மிகு நகரங்கள் திட்டம் வந்தது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி உட்பட நம் 11 நகரங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தனி நிறுவனம் அமைத்து, கேமரா, சென்சார், கட்டுப்பாட்டு மையம் என்று அந்த நிறுவனத்தின் வழியாகவே வாங்கினார்கள். அதே காலத்தில், 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை, நம் மாநகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அதாவது வாங்கிக் குவித்த ஆண்டுகளில் கேள்வி கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. திட்டம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. வாங்கிய கருவிகளையும் மையங்களையும் பராமரிக்கும் செலவு முடியவில்லை, அதை இனி உள்ளூரில்தான் தேட வேண்டும்.

இப்போது மன்றம் இருக்கிறது. சென்னையில் மட்டும் 200 உறுப்பினர்கள். அவர்களில் யாரும் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. புதிய மென்பொருள் பற்றிய பொருள் வரும்போது, "இதற்காக நம் அலுவலகத்தில் எந்த நடைமுறையை மாற்றப் போகிறீர்கள்?" என்று ஆணையரிடம் கேட்கலாம். எதையும் மாற்றப் போவதில்லை என்று பதில் வந்தால் பர்மிங்காம் நினைவுக்கு வரட்டும். ஏ.எம்.சி. என்று நாம் சொல்லும் ஆண்டுப் பராமரிப்புக்கு ஐந்தாம் வருடம் எவ்வளவு ஆகும் என்று கேட்கலாம். அப்புறம், ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் கிளம்பும்போது லட்சக்கணக்கான வீடுகளின் வரிப் பதிவுகளை வேறொருவர் திறந்து படிக்கக்கூடிய வடிவில் திருப்பித் தருவார்களா, அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? இது இல்லாவிட்டால் அடுத்த டெண்டரிலும் அதே நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் நிற்க முடியாது. சட்டப்படி போட்டி இருக்கும், உண்மையில் இருக்காது.

இன்னொன்றையும் தீர்மானத்திலேயே எழுத வைக்கலாம். புதிய முறையைத் தொடங்கும் நாளை, தினமும் அதில் வேலை செய்யப் போகிற கணக்குப் பிரிவு ஊழியர்கள் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அறிவிக்க வேண்டும். அவர்களுடைய குறிப்பு திருத்தப்படாமல் நிலைக்குழுவுக்கு நேராக வர வேண்டும்.

மாமன்றத்தில் நமக்கு இடமில்லை, பகுதி சபாக் கூட்டத்தில் இருக்கிறது. 2022-இல் வந்த விதிகளின்படி நகரங்களில் அந்தச் சபாக்கள் நடக்கின்றன. அங்கே தெருவிளக்கையும் கழிவுநீரையும் பற்றிக் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். சொத்து வரி கட்டும் மென்பொருளை யாரிடம் வாங்கினீர்கள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, நகல் எங்கே கிடைக்கும் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டு, நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லலாம்.

நன்றி, வணக்கம்.