தங்குனா ஒரே ஊர்ல தங்குங்க, பையத் தூக்கிட்டு அலையாதீங்க

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில உக்காந்து என்னையப் பாத்து சிரிச்சிட்டிருக்கிற தம்பி தங்கச்சிமாரே, மண்டபத்துல எடமில்லாம கோயில் வாசல்ல நின்னு ஸ்பீக்கர்ல கேட்டுட்டிருக்கிற பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்ப ஒருக்கா சொல்லிர்றேன், ஏன்னா எதிரணித் தம்பி பேசுனதுல பாதிப் பேருக்கு அது மறந்தே போயிருக்கும். ஹட்டன்ல ஒரு கூட்டாளி, நுவரெலியாவுல ஒரு கூட்டாளி. கொழும்புல வேல செய்ற நம்ம பொடியன் மூணு ராத்திரி லீவு போட்டு ரெண்டு பேரையும் பாக்க வர்றான். அவன் ஒரே ஊர்ல தங்கிட்டு மத்த ஊருக்குப் போய் வரணுமா, இல்ல ரெண்டு ஊர்லயும் மாறி மாறித் தங்கணுமா? நம்ம கட்சி ஒரே ஊர்.

மொதல்ல தம்பி கடைசியா அவுத்து விட்ட அந்தப் பெரிய யோசனையப் பாப்போம். "ரெண்டும் வேணாம், நடுவுல தலவாக்கலையில ஒரு ரூம போட்டுருங்க, ரெண்டு பேருக்கும் பக்கம்"னாரு. நம்ம நடுவர் தலவாக்கலைக்காரர்ங்கிறதுக்காகச் சொன்ன மாதிரிதான் எனக்குப் படுது. நடுவுல தங்குனா ரெண்டு பேருக்கும் பக்கம் இல்லீங்க, ரெண்டு பேருக்கும் தூரம். கூட்டாளியப் பாக்க வந்தவன் ராத்திரி லொட்ஜ்ல தனியா உக்காந்து செவுத்தப் பாத்துட்டிருக்கணுமா? நடுவுல உக்காரதுக்கு நடுவர் ஒருத்தர் போதும்யா.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம். ஹட்டன்ல இருந்து நுவரெலியாவுக்குப் பாதையில ஏறக்குறைய 45 கிலோமீட்டர். கேட்டா கிட்டத்தான், ஆனா நம்ம பாதையில கிலோமீட்டர எண்ணக்கூடாது, வளைவத்தான் எண்ணணும். பஸ்ஸுல கொறஞ்சது ஒன்றரை மணித்தியாலம், மிஸ்ட் எறங்கிட்டா ரெண்டு, லிந்துலைப் பக்கம் லொறி ஒண்ணு முன்னுக்கு மாட்டிக்கிச்சுன்னா அதுக்கு மேல நான் பொறுப்பில்ல. இந்த பஸ்ஸுல வெறுங்கையோட ஏறுறது வேற, மூணு நாள் உடுப்பு இருக்கிற பையோட ஏறுறது வேற. பைய மேல வைக்க எடமிருக்காது, மடியில வச்சா பக்கத்துல இருக்கிற அக்கா மொறைப்பாங்க, கீழ வச்சா கண்டக்டர் மிதிச்சிட்டுப் போவாரு.

கோச்சியில, அதான் ரயில்ல, போலாமேன்னு தங்கச்சி சொன்னாங்க. நல்லது, போங்க. ஆனா கோச்சி உங்கள நுவரெலியாவுல எறக்காது, நானுஓயாவுலதான் எறக்கும். 1885ல நானுஓயாவுக்கு வந்த பெரிய பாதை அப்படியே பட்டிப்பொலப் பக்கம் திரும்பிப் போயிருச்சு. நுவரெலியா வழியா ராகலைக்குப் போன குட்டிக் கோச்சியெல்லாம் நம்ம தாத்தா பாட்டி காலத்துலயே தண்டவாளத்தோட காணாமப் போச்சு. அதனால நானுஓயாவுல எறங்கி, பையோட நிக்கிற ஒங்க மொகத்தப் பாத்தே ஆட்டோக்காரர் ஒரு வெல சொல்லுவாரு. ஹட்டன்ல அந்தப் பிரச்சனயே கெடையாது, ஸ்டேஷன்ல எறங்குனா டவுன், டவுன்ல எறங்குனா பஸ். அதுனாலதான் நான் ஹட்டன்லயே தங்கச் சொல்றேன்.

நான் போன வருஷம் எதிரணி சொல்ற மாதிரியே மாறி மாறித் தங்கிப் பாத்தவன். மொத ராத்திரி ஹட்டன், ரெண்டாவது நுவரெலியா, மூணாவது திரும்ப ஹட்டன், நியாயமாப் பிரிச்சிட்டேன்னு எனக்கே ஒரே பெரும. என்னா நடந்துச்சுன்னா, ஹட்டன்காரன் இருக்கிறது தோட்டத்துல, ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னுக்கு திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. விருந்தாளி வந்துட்டான்னு கட்டிலு எனக்கு, இஸ்தோப்புல பாய விரிச்சு அவன் படுத்துட்டான், அவங்க அம்மா குசினியில. ராத்திரி டின் மீன் கறி, முட்டை, பருப்பு, அப்பளம், அந்த வீட்டுல ஒரு வாரத்துக்கு ஆகுற கறி அன்னைக்கு ஒரே தட்டுல. காலையில நான் பைய மடிச்சேன், அவன் பஸ் ஏத்திவிட்டான், அம்புட்டுத்தான். என்னா பேசுனோம்னு யோசிச்சா, "சாப்புடு மச்சான்", "போதும் மச்சான்", இது ரெண்டுதான் ஞாபகம் இருக்கு.

நுவரெலியாக்காரன் மரக்கறித் தோட்டக்காரன். லீக்ஸ், கரட், கிழங்கு. விடியறதுக்கு முன்னாடி எழும்பி லொறிக்கு மூட்டை ஏத்தணும், அதனால ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் கம்பளிக்குள்ள போயிருவான். நான் அவ்வளவு தூரம் போயி, ஹட்டன விட 600 மீட்டர் ஒசரத்துல, மூணு போர்வைக்குள்ள கெடந்து, என் கூட்டாளி கொறட்ட விடுறதக் கேட்டுட்டு முழிச்சிருந்தேன். தொவச்சுப் போட்ட ஒரு ஜோடி சொக்ஸ் காயவே இல்ல, ஈரமாவே திரும்ப பைக்குள்ள போச்சு. எதிரணி நண்பர்களே, நுவரெலியாவோட ராத்திரி அழகுன்னு சொன்னீங்களே, எந்த மாசம் சொன்னீங்க? ஜனவரியிலயா, புல்லு மேல பனி வெள்ளையா ஒறைஞ்சு கெடக்குமே அப்பயா? இல்ல ஏப்ரல் சீசன்லயா, குதிரை ஓட்டம் பாக்க கொழும்பே ஏறி வந்து, ரூம் வெல நம்மளப் பாத்து சிரிக்குமே அப்பயா?

இந்த வருஷம் மூணு ராத்திரியும் ஹட்டன்லயே இருந்தேன். மொத ராத்திரி அதே கட்டிலு, அதே டின் மீன். ரெண்டாவது ராத்திரி அந்த அம்மாவுக்கே அலுத்துப் போச்சு, "ரொட்டியும் கட்டசம்பலும்தான் இருக்கு, திங்கிறியா?"ன்னு கேட்டாங்க. எனக்கு இப்பதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. நானும் இஸ்தோப்புல பாயப் போட்டுட்டேன், கரண்டும் போயிருச்சு, அவன் ப்ளேன் டீ ஊத்தி, உள்ளங்கையில கொஞ்சம் சீனிய வச்சு நக்கிக்கிட்டே, கொழும்புல எனக்கு இருந்த கடை வேல போயி நாலு மாசமாச்சுடா, அம்மாவுக்கு இன்னும் சொல்லல, லீவுல வந்திருக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்னான். நாலு மாசம்! நான் வாரத்துக்கு ரெண்டு தடவ போன் எடுக்கிறவன், எனக்குத் தெரியாது. மொத ராத்திரியும் அவன் பக்கத்துலதான் இருந்தேன், அன்னைக்கு வாயத் தொறக்கல. ஏன்னா மொத ராத்திரி நாம விருந்தாளி, ரெண்டாவது ராத்திரிதான் கூட்டாளி. ஊருக்கு ஒரு ராத்திரின்னு பங்கு போடுறவனுக்கு ரெண்டு ஊர்லயும் விருந்தாளி வேஷம்தான் கெடைக்கும்.

அப்போ நுவரெலியாக்காரன் பாவமில்லயான்னு தங்கச்சி கண்ண உருட்டுனாங்க. அவனுக்கு ராத்திரியக் குடுக்கல, பகலக் குடுத்தேன். காலையில வெறுங்கையோட பஸ் ஏறுனேன், மடியில பை இல்லாததால ஜன்னல் பக்கம் நிம்மதியா இருந்து, பத்தனை தாண்டி டெவோன் நீர்வீழ்ச்சி விழுறதையும், அதுக்கங்குட்டு சென் கிளயர் நீர்வீழ்ச்சியையும் பாத்துட்டே போனேன் (மேல் கொத்மலை மின்சாரத் திட்டம் வந்த பிறகு சென் கிளயர்ல பகல்லதான் தண்ணி விடுறதாப் பேச்சு, ராத்திரி அலையிற கட்சிக்காரங்க அதையும் கவனிக்கணும்). நான் போய்ச் சேரையில அவன் லொறிய அனுப்பிட்டு, மண்ணு ஒட்டுன கையோட வரம்புல இருந்தான். பின்னேரம் வரைக்கும் அவன் கூடவே இருந்தேன், ஒரு பாத்தி கரட் புடுங்குனேன், முழுசா முழிச்சிருக்கிற கூட்டாளியோட பேசுனேன். திரும்பி வர்றப்போ மட்டும் கை வெறுமையா இல்ல, ஒரு கட்டு லீக்ஸ் இருந்துச்சு, அதையும் அந்த ஹட்டன் அம்மா அன்னைக்கே சுண்டிட்டாங்க.

ஆனா நடுவர் ஐயா, தங்கச்சி கேட்ட ஒரு கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. "அங்க மூணு ராத்திரி இருந்தியே, நம்ம வீட்டுல ஒரு ராத்திரி இருக்கக்கூடாதா"ன்னு நுவரெலியாக்காரனோட அம்மா கேட்டா என்னா சொல்லுவீங்கன்னு கேட்டாங்க. அந்த அம்மா நெசமாவே கேட்டாங்கதான். அடுத்த தடவ மூணு ராத்திரியும் இங்கதாம்மான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சீசன் இல்லாத மாசமாப் பாத்து, ரெண்டு ஜோடி சொக்ஸ் கூடுதலா எடுத்துட்டுப் போகணும். அப்பயும் ஒரே ஊர்தான், கவனிச்சுக்கங்க.

நடுவர் மணியத் தொட்டுட்டாரு. அடிக்க வேணாம் ஐயா, நானே எறங்கிர்றேன், ஹட்டனுக்குக் கடைசி பஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல போயிரும். எதிரணித் தம்பி, நீங்க இன்னைக்கு ராத்திரி எந்த ஊரு?