கன்சோலில் இருந்து நம் வீட்டு சர்வருக்கு

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். லீவு விட்டால் போதும், பென்னாகரத்துப் பிள்ளையும் ஓசூரில் இருக்கும் சித்தப்பா மகனும் மைன்கிராஃப்ட் என்ற வீடியோ விளையாட்டில் ஒரே உலகத்தில் வீடு கட்ட ஆசைப்படுகிறார்கள். நண்பர்கள் வழியாகச் சேர்ந்து ஆடலாம்தான். ஆனால் உலகத்தைத் திறந்தவன் சாப்பிடப் போனால் மற்றவனும் வெளியே வந்துவிட வேண்டும். தனி சர்வர், அதாவது அந்த உலகத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கணினி என்றால் எந்நேரமும் திறந்திருக்கும்.

செல்போனிலும் விண்டோஸ் கணினியிலும் இது சுலபம். ‘ஆட் சர்வர்’ அழுத்தி முகவரியைத் தட்டினால் ஆச்சு. பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் என்ற கன்சோல்களில், அதாவது விளையாட்டுக்கென்றே செய்த கருவிகளில், அந்தப் பொத்தானைத் தராமல், ஹைவ், கியூப்கிராஃப்ட் மாதிரி நிறுவனம் அனுமதித்த சர்வர்களை மட்டும் காட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு இப்படிப் பூட்டுப் போடுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

இதற்கு ‘பெட்ராக் கனெக்ட்’ என்றொரு இலவச வழி இருக்கிறது. பட்டியலில் ஹைவைத் தொட்டதும் கன்சோல் அதன் முகவரியை டிஎன்எஸ்ஸிடம், அதாவது பெயரைச் சொன்னால் இணைய முகவரி தரும் சேவையிடம் கேட்கும். அந்த டிஎன்எஸ்ஸை மாற்றுவதுதான் இந்த வழி. பிளேஸ்டேஷன் 4-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், இணைய இணைப்பு அமைப்பு, அதில் ‘கஸ்டம்’ என்று போய், பிரைமரி டிஎன்எஸ் இடத்தில் பெட்ராக் கனெக்ட் தரும் எண்ணைப் போடுங்கள். இனி ஹைவைத் தேடிப் போகும் கன்சோலுக்கு வேறொரு பட்டியல் திறக்கும். அங்கே நம் சர்வர் முகவரியையும் 19132 என்ற போர்ட் எண்ணையும், அதாவது சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்ணையும் தட்டலாம். நிண்டெண்டோ நிறுவனம் தன் வை-ஃபை கனெக்ஷன் என்ற இணைய விளையாட்டுச் சேவையை 2014 மே 20 அன்று மூடிய பிறகு, அதன் பழைய டிஎஸ் கையடக்கக் கருவிகளில் ரசிகர்கள் இன்றும் சேர்ந்து ஆடுவது இதே டிஎன்எஸ் உத்தியால்தான்.

சர்வர் மென்பொருளை மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமே விண்டோஸுக்கும் உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கும் இலவசமாகத் தருகிறது. விளையாட்டில் பெட்ராக், ஜாவா என்று இரண்டு பதிப்புகள் உண்டு. கன்சோலில் ஓடும் பெட்ராக் பதிப்புதான் வேண்டும். ஜாவா சர்வரில் கன்சோல் நேரடியாகச் சேராது. வெளியூரிலிருந்து சேர, வீட்டு இணைய ரவுட்டரில் அந்த 19132 போர்ட்டை யுடிபி வகையில் திறந்துவிட வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் பலரும் தடுக்கி நிற்பது இங்கேதான். எல்லாம் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியாது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்ற வரியைப் பாருங்கள், இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரி அது. அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் பயனில்லை. பப்ளிக் ஐபி, அதாவது நம் வீட்டுக்கு மட்டுமான முகவரி வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே வீட்டுக்குள் ஆடுவதென்றால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அதே வை-ஃபையில் இருந்தால் சர்வர் தானாகவே லேன், அதாவது வீட்டு நெட்வொர்க் பட்டியலில் தெரியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. சர்வரின் ‘அலோ லிஸ்ட்’ என்ற அனுமதிப் பட்டியலை இயக்கி, பிள்ளைகளின் கேமர்டேக்குகளை, அதாவது விளையாட்டுப் பெயர்களை மட்டும் சேருங்கள், முன்பின் தெரியாதவர் நுழைய முடியாது. அப்புறம், டிஎன்எஸ்ஸை மாற்றி வைத்திருக்கும்வரை கன்சோல் எந்தத் தளத்தைத் தேடினாலும் வழிகேட்பது முகம் தெரியாத ஒருவரிடம். ஆடி முடித்ததும் அதே கஸ்டம் பக்கத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிவிடுங்கள், குறிப்பாகக் கன்சோலின் இணையக் கடையில் விளையாட்டு வாங்க கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன்னால். வணக்கம்.