பக்கத்துல வெண்பூசணி வச்சா பரங்கி சப்புன்னு ஆயிடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. மாடித்தோட்டம் போட்டிருக்கிற ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பரங்கி, வெண்பூசணி, சுரை மூணையும் பக்கத்துப் பக்கத்துப் பையில வச்சேன். பரங்கியை வெட்டினா வெளிறிப்போய், தண்ணியா, இனிப்பே இல்லாம இருக்கு. வெண்பூசணியோட மகரந்தம் கலந்துடுச்சா?"

இல்லம்மா, கலக்கலை. கலக்கவும் கலக்காது. பரங்கி குக்கர்பிட்டாங்கிற பேரினம், வெண்பூசணி பெனின்காசா, சுரை லாஜினேரியா. ஒரே குடும்பம்தான், ஆனா ஒண்ணோட மகரந்தத்துல இன்னொண்ணு காய் பிடிக்காது. பூவைப் பார்த்தாலே தெரியும். பரங்கிப் பூவுல இதழெல்லாம் ஒண்ணா சேர்ந்து புனலா இருக்கும். வெண்பூசணிப் பூவும் மஞ்சள்தான், ஆனா அஞ்சு இதழும் தனித்தனியா விரியும். சுரைப்பூ வெள்ளை, சாயந்தரம் மலரும். முன்னாடி சுரைக்காயைப் பத்திப் பேசினதைக் கேட்டவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. கலக்கக்கூடிய ரெண்டு ரகத்தையே பக்கத்துல வச்சாலும், இந்த வருஷம் நீங்க வெட்டுற காயோட சதை, தோல், ருசி எல்லாம் தாய்க்கொடியோடது. அப்பன் குணம் உள்ளே இருக்கிற விதைக்குள்ளதான் போகும். அந்த விதையைப் போட்டு வளர்த்தா அடுத்த தடவைதான் வெளியே தெரியும். அதனால இந்தக் காய் சப்புன்னு இருக்கிறதுக்கு பக்கத்துப் பை மேல பழி போடாதீங்க.

அப்போ ஏன் தண்ணியா இருக்கு? முதல்ல பார்க்க வேண்டியது, முத்தறதுக்கு முன்னாடியே பறிச்சீங்களான்னு. பால் கூட்டுக்கு இளங்கொட்டையா, அதாவது பிஞ்சா, பறிக்கிறது வேற கணக்கு. இனிப்பு வேணும்னா காய் பிடிச்சதுலேருந்து 40, 50 நாள் கொடியிலேயே இருக்கணும். தோல்ல மினுமினுப்பு போகணும், நகத்தால கீறினா இறங்கக் கூடாது, காம்பு காய ஆரம்பிக்கணும், காம்புக்குப் பக்கத்துல இருக்கிற பற்றுக்கம்பி கருகணும். பறிக்கும்போது ரெண்டு அங்குலம் காம்போட கத்தியால வெட்டுங்க, முறுக்கிப் பிடுங்காதீங்க. காம்பைப் பிடிச்சுத் தூக்கவும் வேண்டாம். காம்பு பெயர்ந்தா அங்கேருந்துதான் அழுகல் தொடங்கும். வெட்டின உடனே சமைக்காம காத்தோட்டமான இடத்துல ரெண்டு மூணு வாரம் வச்சுப் பாருங்க. உள்ளே இருக்கிற மாவு கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறும்.

அடுத்தது இலை. காயில ஏறுற சர்க்கரை முழுக்க இலை சமைச்சுக் கொடுக்கிறது. ஒரு பையில வளர்ற கொடியில ஆறு காய் விட்டா ஆறும் சப்புன்னுதான் இருக்கும். பெரிய பையா இருந்தாலும் ரெண்டு காய் போதும், மிச்சத்தைப் பிஞ்சுலேயே பறிச்சுக் கூட்டு வச்சிடுங்க. சாம்பல் நோய் வந்து இலை போனாலும் இதே கதைதான். கடைசி பத்துப் பதினஞ்சு நாள் தண்ணியைக் குறைங்க. யூரியாவை அள்ளிப் போட்டா கொடிதான் ஓடும்.

சாம்பல் நோய்னு சொன்னதும் ஒண்ணு. பரங்கி இலையில நரம்பு பிரியற இடத்துல வெள்ளை வெள்ளையா திட்டு இருக்கும். அதை நோய்னு நெனச்சு மருந்தடிக்கிறவங்க நிறைய. விரலால தேய்ச்சுப் பாருங்க. பவுடர் மாதிரி ஒட்டினா நோய். ஒட்டலைன்னா அது இலையோட இயல்பான நிறம். மருந்துன்னு கந்தகத் தூளைத் தூவிடாதீங்க, இந்தக் குடும்பத்துக்கு அது ஆகாது, இலை கருகிடும்.

சரி, கேள்விக்குப் பதில் முடிஞ்சது. ஆனா அந்த அம்மா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. "இந்தக் காயோட விதையை எடுத்து வைக்கலாமா?" அங்கேதான் கலப்பு நிஜமாவே விளையாடும். அதுக்கு உங்ககிட்ட இருக்கிறது எந்த இனம்னு தெரியணும். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து ஏமாறாதீங்க. நான் திரும்பத் திரும்ப சொல்றதுதான்: காம்பைப் பாருங்க.

காம்பு கெட்டியா, அஞ்சு பட்டையா, காயைத் தொடுற இடத்துல அகலமா விரிஞ்சு உட்கார்ந்திருந்தா அது மொஸ்சாட்டாங்கிற இனம். நம்ம சந்தையில கீத்து போட்டு விக்கிற பரங்கி, கொங்குப் பக்கம் அரசாணின்னு சொல்றது, பெரும்பாலும் இதுதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 1, கோ 2 ரகங்கள் இந்த இனம். கோ 1 ஏழெட்டுக் கிலோ வரும். கோ 2 ஒன்றரை, ரெண்டு கிலோதான், சின்னக் குடும்பத்துக்கு அது வசதி. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா சந்தனும் இதுதான். சூப்பர் மார்க்கெட்ல விக்கிற பட்டர்நட்? அதுவும் மொஸ்சாட்டா! பேரும் உருவமும் வேற, காம்பு அதே காம்பு.

காம்பு உருண்டையா, தடிமனா, தக்கையா, பட்டையே இல்லாம, அடியில விரியாம இருந்தா அது மேக்ஸிமா. இலையும் பெரிசா வட்டமா இருக்கும். அர்கா சூர்யமுகி இந்த வகை. ஆரஞ்சுத் தோல், வெளிர் கோடு, ஒரு கிலோ அளவு. ஜப்பான்காரங்க கபோச்சா, போட்டிகள்ல கிரேன் வச்சுத் தூக்குற ராட்சசப் பூசணி எல்லாம் மேக்ஸிமாதான்.

காம்பு கெட்டியா, கூர்மையான முனையோட பட்டை, தொட்டா சுணை குத்துது, இலை ஆழமா வெட்டுப்பட்டிருக்கு, அப்படின்னா பீப்போ. சுகினி, ஏக்கார்ன், வெட்டினா நூல் நூலா வர்ற ஸ்பகெட்டி ஸ்குவாஷ், ஹாலோவீனுக்கு முகம் செதுக்குற பூசணி எல்லாம் இங்கே வரும். சுகினியும் அந்த ஆரஞ்சுப் பூசணியும் ஒரே இனம்னா நம்ப முடியாது, காம்பைப் பார்த்தா நம்புவீங்க. ஷார்ல் நோதான்னு ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர், இந்த ரகங்களையெல்லாம் வளர்த்து, கலந்து பார்த்து, இனம் பிரிச்சு 1856லேயே எழுதி வச்சிட்டார்.

இப்போ கணக்கு சுலபம். ஒரே இனத்துக்குள்ள எல்லாம் தாராளமா கலக்கும். பட்டர்நட் பக்கத்துல கோ 2 வச்சு விதை எடுத்தா, அடுத்த தடவை பட்டர்நட்டும் இல்லாம கோ 2-வும் இல்லாம ஏதோ ஒண்ணு காய்க்கும். மொஸ்சாட்டாவும் மேக்ஸிமாவும் தோட்டத்துல தானா கலக்கறது அபூர்வம். வேணும்னே கலந்து உண்டாக்கின ரகம் இருக்கு, டெட்சுகபுட்டோன்னு ஜப்பான்ல. அதோட ஆண் பூவுல மகரந்தம் உதவாது, காய் பிடிக்கவே வேற கொடி பக்கத்துல வேணும். தர்பூசணி ஒட்டுக் கட்ட வேர்ச்செடியா அதை வச்சுக்கிறாங்க.

மாடியில அரைக் கிலோமீட்டர் இடைவெளி விட முடியாது, அதனால பூவைக் கட்டுங்க. நாளைக்கு மலரப் போற பூ முந்தின நாள் சாயந்தரமே நுனியில மஞ்சள் காட்டும். அடியில குட்டிக் காயோட இருக்கிற பெண் மொட்டு ஒண்ணு, அதே ரகத்துல, முடிஞ்சா இன்னொரு கொடியில, ஆண் மொட்டு ரெண்டு. மூணையும் தனித்தனியா நூலால நுனியில கட்டிடுங்க. காலையில ஆறரை, ஏழு மணிக்குள்ள ஆண் பூவைப் பறிச்சு இதழைக் கிழிச்சிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவோட நடுவுல மகரந்தம் வாங்கிக்கிற சூல்முடி மேல எல்லாப் பக்கமும் தடவுங்க. உடனே பெண் பூவைத் திரும்பக் கட்டிடுங்க. இதை விட்டா தேனீ வந்து உங்க வேலையைக் கெடுத்திடும். காம்புல கலர் நூல் ஒண்ணு அடையாளத்துக்கு. நாலஞ்சு நாள்ல பிஞ்சு பெருத்தா பிடிச்சிடுச்சு, மஞ்சளாகி உதிர்ந்தா இன்னொரு பூவைப் பாருங்க. வெயில் ஏறின பிறகு செய்யறவங்களுக்குத்தான் பெரும்பாலும் உதிரும்.

அந்தக் காய் நல்லா முத்தினதும் பறிச்சு மூணு, நாலு வாரம் வச்சிட்டு விதை எடுங்க. கழுவி, நிழல்ல காய வைங்க. வளைச்சா வளையக் கூடாது, படக்குன்னு உடையணும்.

சுகினி வளர்க்கிறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அழகுக்கு வளர்க்கிற குட்டிக் குட்டி பீப்போ ரகங்களோட கலந்த விதையில வர்ற காய் கடுங்கசப்பா இருக்கலாம். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின், வேக வச்சாலும் போகாது. 2015ல ஜெர்மனியில வீட்டுத் தோட்டத்து சுகினி சாப்பிட்டு ஒரு பெரியவர் இறந்தே போனார். சமைக்கிறதுக்கு முன்னாடி ஒரு துணுக்கை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு, காயையும் விதையையும் சேர்த்துத் தூக்கிப் போடுங்க.

அடுத்த கேள்வி, பீர்க்கங்காயில பூ வருது, காய் வரலைன்னு கேட்டிருக்காங்க.