மஞ்சளாகவே இருந்த ஜெல்

நேயர்களுக்கு வணக்கம். இரைப்பைப் புற்றுநோய் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் எண்டோஸ்கோப்பி பார்க்கும் மருத்துவர். அந்த அறையில் தினமும் நடக்கும் ஒரு சின்னக் காரியத்திலிருந்து தொடங்குகிறேன்.

வாய் வழியாகக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும்போது, உள்தோலில் குருணை அரிசி அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுப்போம். அதை மஞ்சள் நிற ஜெல்லுக்குள் அமுக்கி வைப்போம். ஜெல்லில் யூரியா இருக்கும். துணுக்கில் எச். பைலோரி என்ற கிருமி இருந்தால், யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். அம்மோனியா பட்டதும் மஞ்சள் மெல்ல ரோஜா நிறமாகும். சிலருக்குப் பத்து நிமிடத்தில் மாறும், சிலருக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்த அம்மோனியாதான் இந்தக் கிருமிக்குக் குடை. இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. இது மட்டும் தன்னைச் சுற்றி அம்மோனியாவைப் பரப்பி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, சளிப்படலத்துக்குள் திருகாணி போல நுழைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இது புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே அறிவித்துவிட்டது.

இனி என்னை வெகுநாள் யோசிக்க வைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய பெரியவர். 'கேஸ்தான் டாக்டர், வேறொன்றும் இல்லை' என்று சொல்லிக்கொண்டே வந்தார். பல வருடங்களாக மருந்துக் கடையில் தானே மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். குழாயை விட்டுப் பார்த்தால், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண்ணாகிப்போன கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்றே வந்தது. ஆனால் ஜெல் மறுநாள் வரை மஞ்சளாகவே இருந்தது.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டாலும் இந்தச் சோதனை ஏமாற்றும். சரி, அதனால் இருக்கலாம் என்று நினைத்தேன். திசு அறிக்கை வேறு கதை சொன்னது. கட்டியைச் சுற்றியிருந்த உள்தோலில் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து போயிருந்தன. இரைப்பைத் தோல் குடல் தோலைப் போல மாறியிருந்தது. சிறு வயதில், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் எச். பைலோரி முப்பது நாற்பது வருடம் அழற்சியை மூட்டிக்கொண்டே இருந்தால் இப்படித்தான் ஆகும். கடைசியில் அந்த இடம் அதற்கே ஒத்துவராது. தான் இருந்த வீட்டைப் பாழாக்கிவிட்டு அதுவும் காணாமல் போய்விடும்.

வீடு காலியாகவா இருக்கும்? அமிலம் போனால் காவல் போன மாதிரி. வாயிலிருந்து எச்சிலோடு இறங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெய்லோனெல்லா போன்ற கிருமிகள் இறங்கிய இடத்திலேயே தங்கிவிடும். இவற்றில் சில நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டிலிருந்து நைட்ரோசோ சேர்மங்கள் உண்டாகும். அவற்றில் பல, செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவைச் சிதைப்பவை. கீரையில் நைட்ரேட் இருக்கிறதே என்று அதைக் கண்டு பயப்படாதீர்கள். கீரையிலும் பழத்திலும் இருக்கும் வைட்டமின் சி இந்த மாற்றத்தைத் தடுக்கிறது. உப்பில் ஊறிய உணவைத்தான் குறைக்க வேண்டும். அதிக உப்பு சளிப்படலத்தை அரிக்கும்.

இந்த வாய்க் கிருமிகள் விடும் இன்னொரு கழிவு லாக்டிக் அமிலம். இது புதுச் செய்தி அல்ல. 1890-களிலேயே பெர்லினில் இஸ்மார் போவாஸ் என்ற மருத்துவர், நோயாளியின் இரைப்பைச் சாற்றில் லாக்டிக் அமிலம் இருந்தால் புற்றுநோயைச் சந்தேகித்தார். அப்போது அதை அடையாளமாக மட்டுமே பார்த்தார்கள். புற்றுச் செல்கள் இந்த லாக்டிக் அமிலத்தை எரிபொருளாகவும் எடுத்துக்கொள்ளும் என்று இப்போது தெரிகிறது. 2024-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் என்ற வாய்க் கிருமியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சி, சுரப்பித் தேய்வு, அப்புறம் செல் மாற்றம் என்று எச். பைலோரி போகும் அதே பாதையில் அதுவும் போனது.

கொலம்பியாவின் நரீன்யோ மாகாணத்தில் கடலோரம் தூமாக்கோ, மலைமேல் தூக்கெரெஸ் என்று இரண்டு ஊர்கள். இரண்டிலும் எச். பைலோரி ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. ஆனால் இந்தப் புற்றுநோய் மலையில் 25 மடங்கு அதிகம். கிருமியின் வம்சமும் மனிதரின் வம்சமும் பொருந்தாமல் போவது ஒரு காரணம். இரைப்பையில் கூடவே குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்களும் இரண்டு ஊரிலும் வேறுவேறாக இருந்தன. எச். பைலோரி உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகத்தான் புற்றுநோய் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிருமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் முதலில் கதவைத் திறந்துவிடுவது அதுதான். சுரப்பிகள் தேயும் முன்பே அதை ஒழித்தால் பலன் அதிகம். தைவானின் மட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுக்கப் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சென்னை ஆண்களிடம் வெகுகாலமாக முன்வரிசையில் இருக்கும் புற்றுநோய் இது. ஆகவே பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், உங்கள் வயிற்றில் வலி இல்லாவிட்டாலும் தயவுசெய்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரின் மகனை அப்படித்தான் வரச்சொன்னேன். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஜெல் அரை மணி நேரத்தில் ரோஜா நிறமானது. திசுவில் அழற்சி மட்டும்தான், சுரப்பிகள் பத்திரமாக இருந்தன. 14 நாள் மாத்திரை கொடுத்தேன். மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்தோம். கிருமி இல்லை.