எதை எடுத்து அளப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

பென்சிலின் நீளம் கேட்டால் குழந்தை ஸ்கேலை எடுக்கும். வாளியின் சுற்றளவைக் கேட்டாலும் அதே ஸ்கேலைத்தான் எடுக்கும். நாம் கொடுத்துப் பழக்கியது அது ஒன்றைத்தானே! அளக்கச் சொல்லித் தருகிறோம், எதை வைத்து அளப்பது என்று யோசிக்க விடுவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் ஒருநாள் மேசைமேல் 15 சென்டிமீட்டர் ஸ்கேல், 30 சென்டிமீட்டர் ஸ்கேல், மீட்டர் குச்சி, தையல் டேப், ஒரு நூல்கண்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். ஒரு சிறுமி வாளியைச் சுற்றி பிளாஸ்டிக் ஸ்கேலை வளைக்கப் பார்த்தாள். கையை எடுத்ததும் அது டப்பென்று நிமிர்ந்துகொண்டது. எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது, ஆனாலும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தாள். அப்புறம் நூலை எடுத்து வாளியைச் சுற்றினாள். முனை வந்து தொட்ட இடத்தை நகத்தால் அழுத்திப் பிடித்தாள். பிடித்த பிடியை விடாமல் நூலை மீட்டர் குச்சிமேல் நீட்டி வைத்தாள். தையல் டேப் பக்கத்திலேயே கிடந்தது, அது அவள் கண்ணில் படவே இல்லை. பரவாயில்லை. வளைந்ததை அளக்க வளைகிற பொருள் வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாளே!

நீளமான சுவருக்கும் இப்படித்தான், முதலில் சின்ன ஸ்கேலாலேயே அளக்க விடுங்கள். 4 மீட்டர் சுவருக்கு 30 சென்டிமீட்டர் ஸ்கேலைப் 14 முறை வைக்க வேண்டும். நடுவில் 13 இடத்தில் விரலால் அடையாளம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 2 மில்லிமீட்டர் ஒரே பக்கமாகத் தவறினால்கூட மொத்தம் 26 மில்லிமீட்டர். இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வரும். அப்போது நீளமான டேப் எதற்கு என்று குழந்தையே கேட்கும்.

ஸ்டீல் டேப்பைக் கொடுத்தால் முனையில் இருக்கும் கொக்கி ஆடுவதைப் பார்த்துவிட்டு, "இது உடைஞ்சு போச்சா?" என்பார்கள். உடையவில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் கொக்கி கொஞ்சம் வெளியே வரும். சுவரில் முட்டவைத்தால் உள்ளே போகும். கொக்கியின் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் அது நகரும், அதனால் இரண்டு விதத்திலும் அளவு சரியாக வரும். ஒன்று மட்டும் கவனம்: டேப் சுருண்டு உள்ளே போகும் வேகத்தில் ஓரம் விரலைக் கீறிவிடும். பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள்.

பல ஸ்கேல்களில் பூஜ்யம் ஓரத்திலேயே இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும். சில குழந்தைகளோ 1 என்ற எண்ணிலிருந்தே தொடங்கிவிடுவார்கள். எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் பூஜ்யத்தைத் தேடச் சொல்லுங்கள்.

அளப்பதற்கு முன் உத்தேசமாக ஒரு விடை கேளுங்கள். "இந்தக் கட்டில் உன் கையால் எத்தனை சாண் இருக்கும்?" சாண் போட்டுப் பார்த்த குழந்தைக்குச் சின்ன ஸ்கேல் போதாது என்று தானே தெரிந்துவிடும். அப்புறம் எதை எடுத்தாலும், சரியானதையே எடுத்திருந்தாலும், "ஏன் இதை எடுத்தே?" என்று கேளுங்கள். தப்பாக எடுத்தால் மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று நினைத்துக் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.