தோற்கத் தெரிந்தவர்: டி. எஸ். பாலையா

(மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கிராமம் ஒன்றின் வாசிகசாலைத் திடலில், கூத்து தொடங்கும் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவருக்கும், அண்ணாவியாருக்கும், பாயோடு வந்து முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட தாய்மாருக்கும் வணக்கம். நீங்கள் வந்தது கூத்துப் பார்க்க. அது எனக்குத் தெரியும். உள்ளே உடுப்புக் கட்டி முடியும் மட்டும் யாராவது கதைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வாசிகசாலைத் தம்பிமார் என்னை மேடையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கால் மணித்தியாலம் தந்திருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் நீங்களே கூப்பாடு போடுவீர்கள்.

நோட்டீசில் 'ஒரு நடிகரின் கதை' என்று அடித்திருக்கிறார்கள். எந்த நடிகர் என்று அடிக்கவில்லை. பின்னேரம் வழியில் கண்ட மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எம்ஜியாரா, சிவாஜியா?" இரண்டு பேரும் இல்லை. அவர்கள் வெல்வதற்காக எதிரில் நின்று தோற்றுக்கொடுத்த மனிதர் ஒருவர். டி. எஸ். பாலையா.

அவரை எனக்குக் காட்டித் தந்தது என் அம்மப்பா. அவர் வடமோடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். படம் என்றால் அவருக்குப் பிடிக்காது. "துணியில விழுற நிழலுக்கு ஏன் காசு குடுக்கிறியள்" என்பார். 1978 சூறாவளிக்கு முந்திய காலம் அது. எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். டவுனில் 'திருவிளையாடல்' திரும்ப ஓடுகிறது, சாமி படம்தானே, வாருங்கள் என்று மாமா ஒருவர் கெஞ்சி அவரைக் கிளப்பினார். மண்முனையில் அப்போது பாலம் இல்லை. 2014 இல்தான் அது வந்தது. பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்றதும் இங்கே இருக்கிற இளசுகளுக்கு ரோட்டுத்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஆளையும் சைக்கிளையும் நெல்லு மூட்டையையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற மிதவை. இரவுப் படம் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்தெழும்பி, விடியக் கருக்கலில் பாதையில் திரும்பி வருகிறோம். பாதையில் நின்ற அத்தனை பேரும் சிவாஜியைத்தான் கதைக்கிறார்கள். நெற்றிக்கண் திறந்ததையும், நக்கீரரோடு வாதாடியதையும் ஆளுக்கொரு மாதிரி நடித்துக் காட்டுகிறார்கள். அம்மப்பா மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

"அந்தப் பாகவதர் ஆரு மனே?"

எனக்குப் பெயர் தெரியாது. "ஆரோ ஒரு பழைய ஆள்" என்றேன்.

"அவன் தோத்த விதத்தப் பார்த்தியா? அவன் எங்களப் பார்க்கல்ல மனே. பாட்டப் பார்த்தான்."

அந்த ஒரு பேச்சைத்தான் நான் இத்தனை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். 'விறகு விற்ற படலம்'. கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் கட்டினால் அந்தப் படத்தின் வசனத் தட்டு ஓடாத ஊர் நம் பக்கத்தில் எது? படத்தைப் பார்க்காதவர்களுக்கும் வசனம் பாடம். வடக்கேயிருந்து ஏமநாத பாகவதர் பாண்டியன் சபைக்கு வருகிறார். 'ஒரு நாள் போதுமா' என்று ராகமாலிகையாக ஒரு பாட்டு. பாடிய குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, இசை கே. வி. மகாதேவன். குரல் இன்னொருவருடையது என்று தெரிந்துகொண்டே பாருங்கள்; நம்ப மாட்டீர்கள். கழுத்து நரம்பும், கை வீச்சும், ஒரு சங்கதி முடிந்ததும் சபையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற அந்தப் பார்வையும், 'இதை விளங்கிக்கொள்ள இங்கே ஆளிருக்கிறதா' என்று கேட்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேறு ஆளாக இருந்தால் அந்தப் பாகவதரைக் கோமாளியாக்கியிருப்பான். பாலையா அப்படிச் செய்யவில்லை. அவருடைய பாகவதர் நிசமான வித்துவான். கெட்டிக்காரன். அந்தக் கெட்டித்தனத்தில் வந்த திமிர்தான் அது.

அப்புறம் இரவு. விறகு விற்கிறவன் வேஷத்தில் சிவன் திண்ணையில் இருந்து பாடுகிறார். கமரா சிவாஜி பக்கம்தான் கூட இருக்கிறது. உலகமே அசைவற்று நிற்கிறது, மறுபடி அசைகிறது, அதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டு எவ்வளவு பெரிய பாட்டு என்பதை நமக்குச் சொல்கிறவர் யார்? சங்கீதம் தெரியாத பன்னிரண்டு வயதுப் பொடியனுக்கு அது எப்படி விளங்கியது? பகலில் சபையை மிதித்த மனிதர் இரவில் நிலைகுலைந்து நிற்பதைப் பார்த்துத்தான். பாகவதர் பகலில் அவ்வளவு உயரத்தில் நின்றதால்தான் இரவில் அந்த விழுகை விழுகையாகத் தெரிகிறது. இரவோடிரவாக அவர் மதுரையை விட்டுப் போய்விடுகிறார். பாண்டியன் சபைப் பாடகர் பாணபத்திரரோடு போட்டியே நடக்கவில்லை.

சரி, இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? 1914 இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். நாடக மேடையில் கால் ஊன்றி, பிறகு சினிமாவுக்கு வந்தவர். முதல் படம் 1936 இல் வந்த 'சதி லீலாவதி'. எம்ஜியாருக்கும் அதுதான் முதல் படம். அவருக்கு அதில் சின்னதாக ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. எஸ். எஸ். வாசன் விகடனில் எழுதிய கதை.

இந்த மேடையில் இந்தப் படத்தைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கதையில் எம். கே. ராதா நல்ல வீட்டுப் பிள்ளை. கூடாத சிநேகிதன் ஒருவன் அவனைக் குடிக்கப் பழக்கிக் கெடுக்கிறான். கொலை செய்துவிட்டோம் என்று பயந்து அவன் ஓடி ஒளிகிற இடம் எது தெரியுமா? இலங்கை. நம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக வேலை செய்கிறான். தமிழ் சினிமா பேசத் தொடங்கி ஐந்து வருஷத்துக்குள் இப்படியொரு கதை. நாடு விட்டு நாடு அவனை ஓட வைத்த அந்தக் கூடாத சிநேகிதன்தான் பாலையா. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அதே வருஷங்களில் நிசமாகவே கப்பலேறித் தோட்டத்துக்கு வந்த சனத்தின் கதையை அந்தப் படம் சொல்லவில்லை, நாயகனுடைய கஷ்டத்தைத்தான் சொன்னது என்பது வேறு விஷயம். அதை இன்னொரு நாள் கதைப்போம்.

அதற்குப் பிறகு வில்லன், வில்லன், வில்லன். 1937 'அம்பிகாபதி'யில் தளபதி உருத்திரசேனன். தியாகராஜ பாகவதரோடு வாள் சண்டை. 1956 'மதுரை வீர'னில் நரசப்பன், எம்ஜியாரிடம் தோல்வி. நடுவில் 1949 இல் அண்ணாவின் 'வேலைக்காரி'. அதில் மட்டும் ஆள் மாறிவிட்டார். பழிவாங்கக் கத்தியைத் தீட்டுகிற கே. ஆர். ராமசாமிக்குப் புத்தியைத் தீட்டச் சொல்கிற கூட்டாளி. நம்மூரில் இன்றைக்கும் யாராவது கோபத்தில் குதித்தால் கிழவர்கள் அந்த வசனத்தைத்தான் எடுத்து விடுவார்கள். யார் படத்தில் யார் சொன்னது என்று அவர்களுக்கே ஞாபகம் இருக்காது.

இந்த மாதிரி ஆட்களைக் 'குணசித்திர நடிகர்' என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், நாயகனுக்குக் குணமும் கிடையாது சித்திரமும் கிடையாது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. கூத்தில் அப்படியில்லை. கர்ணன் போரில் வென்றவன் அருச்சுனன். பார்த்துவிட்டுப் போகிற சனம் கர்ணனைத்தான் கதைத்துக்கொண்டு போகும். அம்மப்பா படம் பார்த்த பார்வையும் அதுதான். அவர் நாயகனைத் தேடவில்லை. விழப்போகிறவன் எவன், அவனுக்கு ஆட்டம் தெரியுமா என்றுதான் பார்த்திருக்கிறார்.

'பாகப்பிரிவினை'யில் மனைவி சொல்லைத் தட்ட முடியாத அண்ணன். வீட்டுக்கு நடுவே சுவர் எழும்புகிறது, தம்பியாக வருகிற எஸ். வி. சுப்பையா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். காணி பிரிக்கிற வழக்குக் கண்ட எந்தக் குடும்பமும் அந்தப் படத்தை லேசில் பார்த்து முடிக்காது. இங்கே இருக்கிற சிலர் தலையைக் குனிகிறீர்கள், நான் பார்க்கவில்லை.

இனிச் சிரிப்புக்கு வருவோம். 1964, 'காதலிக்க நேரமில்லை', ஸ்ரீதர் படம். பாலையா தோட்டமும் பங்களாவும் உள்ள பணக்காரர் விஸ்வநாதன். வேலையால் நிறுத்திய பொடியன் அசோக், இன்னும் பெரிய பணக்காரர் ஒருவரின் மகன் என்று ஒரு பொய்யை அவருக்கு நம்ப வைக்கிறார்கள். அந்த நொடியில் அவர் வாயிலிருந்து வருகிறது: "அசோகர் உங்க மகருங்களா?"

மகன் என்கிற சொல்லுக்கு 'ர்' போட்டு மரியாதை கொடுத்த தமிழன் அவருக்கு முந்தி இருந்தானோ தெரியாது. மகர்! ஓர் எழுத்து. ஒரு மனிதனுடைய முழுப் பணப் பேராசையும், பயமும், கூழைக்கும்பிடும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. நாமும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினவரைப் பார்த்ததும், போன வருஷம் 'டேய்' என்றவர்கள் 'தம்பியவர்' என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன்.

அதே படத்தில் நாகேஷ் கதை சொல்கிற இடம். மகன் செல்லப்பா படம் எடுக்கப் போகிறான், அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்கிறான். யாரைக் கேட்டாலும் நாகேஷ் காட்சி என்பார்கள். சத்தமும் சேட்டையும் நாகேஷுக்கு. பாலையாவுக்குக் கிடைத்தது கேட்கிற வேலை. ஒருதரம் நாகேஷை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள். முதலில் தொல்லை தாங்காத அப்பா. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பெருக்கிறது, உடம்பு சுருங்குகிறது. சொந்த வீட்டில், பட்டப்பகலில், தன் மகன் சும்மா உருட்டுகிற கதைக்கு ஒரு கிழவன் பயந்து போகிறான். அவர் பயப்படாவிட்டால் அங்கே கதையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கூத்தில் பிற்பாட்டுக்காரர் சோர்ந்தால் ஆடுகிறவன் எவ்வளவு பாய்ந்தாலும் களரி செத்துப்போகும் என்று அண்ணாவியாருக்குத் தெரியும்.

1967 இல் 'பாமா விஜயம்'. மூன்று மகன்மாரின் ஆடம்பரத்தில் முழிக்கிற அப்பா. 1968 இல் 'தில்லானா மோகனாம்பாள்', தவில்காரர் முத்துராக்கு. நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்; திரையில் ஊதுகிற சிவாஜிக்குப் பக்கத்தில் தவிலைப் போட்டுக்கொண்டு இவர். சிவாஜி மேலே ஏறுகிறபோது இவர் சிரிக்கிற சிரிப்பு, 'அப்படிப் போடு' என்கிற கூட்டாளியின் சிரிப்பு. கோயில் மேளக்காரரை நான் எங்கே கண்டாலும் அந்தச் சிரிப்பைத் தேடுவேன். சிலரிடம் இருக்கிறது.

இன்னொரு பொருத்தம் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. 'திருவிளையாடல்' வந்தது 1965. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் நம் மட்டக்களப்பு மௌனகுரு. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் களத்துக்குப் போகிற இராவணன். சென்னையில் ஏமநாதர், பேராதனையில் இராவணன். இருவரையும் ஒரே பாயில் இருத்திப் பார்க்க அம்மப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

பாலையா 1972 இல் இறந்துபோனார். ஐம்பத்தேழு வயது. கணக்குப் பார்த்தால், நாங்கள் பாதையில் நின்று அவரைப் பற்றிக் கதைத்த அந்த விடியலில் அவர் இறந்து மூன்று வருஷம் இருக்கும். எங்களுக்கு அது தெரியாது. "அவன் இந்தப் பக்கம் வந்தா ஒருக்காக் கூட்டிவா, களரியைக் காட்டுவம்" என்று அம்மப்பா மாமாவிடம் சொன்னார்.

சல்லாரித் தாளம் தட்டிப் பார்க்கிறார்கள், கேட்கிறது. ஒன்றே ஒன்று. இன்றைக்குத் துரியோதனன் கட்டுகிற தம்பி உள்ளே உடுப்போடு நிற்பான், இது காதில் விழும் என்று நினைக்கிறேன். நேற்று உன் ஒத்திகை பார்த்தேன் தம்பி. ஆட்டம் நல்லம், குரலும் நல்லம். தொடையில் அடி விழுந்து சாய்ந்த பிறகு மட்டும் ஒரு நொடி எங்கள் பக்கம் திரும்பினாய். இன்றைக்குத் திரும்பாதே. வீமனைப் பார். நான் இறங்குகிறேன்.