பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது? செயற்கை கன்னாபினாய்டுகள்

[திரையில்: பளபளக்கும் ஒரு சிறிய பாக்கெட். உள்ளே பொடித்த காய்ந்த இலை.]

இந்தப் பாக்கெட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: "மனிதர்கள் உட்கொள்வதற்கு அல்ல." முன்பக்கத்தில், வாசனைக்காக எரிக்கும் மூலிகை என்று போட்டிருக்கும். இது புகைப்பதற்குத்தான் என்று விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அப்புறம் எதற்கு அந்த வரி? வழக்கு வந்தால் காட்டுவதற்கு. உணவு, மருந்து என்று சொல்லி விற்றால் அவற்றுக்கான சட்டம் குறுக்கே வரும். அறையில் வாசனைக்காக என்றால் வராது. 2000-களின் நடுவிலிருந்து ஸ்பைஸ் என்ற பெயரில் ஐரோப்பாவிலும், கொஞ்ச நாளில் கே-2 என்ற பெயரில் அமெரிக்காவிலும் இதைக் கடைகளில் வெளிப்படையாகவே விற்றார்கள்.

புகைத்தவர்களுக்குக் கஞ்சா போன்ற போதை வந்தது. உறையில் அச்சிட்டிருந்த மூலிகைகளின் கூட்டு வேலை செய்கிறது என்று பலர் நம்பினார்கள். ஆய்வகங்களும் முதலில் திணறின. சில பாக்கெட்டுகளில் வைட்டமின் ஈ ஏராளமாகக் கலந்திருந்தது. பரிசோதனைக் கருவியைக் குழப்பத்தான் அதைப் போட்டிருப்பார்கள் என்று சந்தேகம். 2008 டிசம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஒரு மருந்து நிறுவனம் விடையைக் கண்டுபிடித்தது. போதை தந்தது இலை இல்லை. இலையின் மேல் தெளித்திருந்த ஜே.டபிள்யூ.எச்-018 என்ற வேதிப்பொருள். இப்படி ஆய்வகத்தில் உருவாக்கி, மூளையில் கஞ்சாவைப் போல வேலை செய்யும் பொருள்களுக்குத்தான் செயற்கை கன்னாபினாய்டுகள் என்று பெயர்.

[திரையில்: மூலக்கூறின் வரைபடம்.]

ஜே.டபிள்யூ.எச் என்பது ஒரு வேதியியல் பேராசிரியரின் பெயரெழுத்துகள். ஜான் டபிள்யூ. ஹஃப்மன், அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவர் போதைப்பொருள் வியாபாரி இல்லை. அரசு ஆய்வு நிதியில், மூளையின் கன்னாபினாய்டு ஏற்பிகள், அதாவது இவ்வகைப் பொருள்கள் வந்து ஒட்டும் இடங்கள், எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதற்காக 400-க்கும் மேற்பட்ட சேர்மங்களைத் தயாரித்தவர். முடிவுகளை எல்லா விஞ்ஞானிகளையும் போல ஆய்விதழ்களில் வெளியிட்டார். பல ஆண்டுகள் கழித்து யாரோ அவற்றைப் படித்து, எது மலிவாகவும் வீரியமாகவும் இருக்கும் என்று பொறுக்கி எடுத்தார்கள். அவரைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்பியைப் புரிந்துகொள்ள அதோடு ஒட்டும் மூலக்கூறுகள் வேண்டும், வேறு வழி கிடையாது. இவற்றைப் புகைப்பது முட்டாள்தனம் என்று அவரே பின்னாளில் வெளிப்படையாக எச்சரித்தார்.

சரி, அந்த ஏற்பிக்கு வருவோம். அதன் பெயர் சி.பி.1. மூளையில் இருப்பதை 1988-ல் உறுதி செய்தார்கள். நினைவு, அசைவு, பசி, வலி, பயம் என்று பல வேலைகளில் இதற்குப் பங்கு உண்டு. கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி. என்ற பொருள் இதோடு ஒட்டித்தான் போதை தருகிறது. ஆனால் டி.எச்.சி. ஒரு அரைகுறைத் தூண்டி. மின்விசிறியின் ரெகுலேட்டரை 5 வரை திருப்பலாம் என்று வையுங்கள். டி.எச்.சி. எவ்வளவு சேர்ந்தாலும் அந்த ரெகுலேட்டர் 2, 3-ஐத் தாண்டாது. செயற்கை கன்னாபினாய்டுகளில் பெரும்பாலானவை முழுத் தூண்டிகள். நேராக 5-க்குத் திருப்பிவிடும், அதுவும் மிகக் கொஞ்ச அளவிலேயே. கஞ்சா புகைத்துப் பழகியவர் அதே கணக்கில் இதையும் இழுத்தால் என்ன ஆகும்? கஞ்சாவை மட்டுமே புகைத்து உயிர் போவது மிக அரிது. இதில் உயிர் போயிருக்கிறது, பல நாடுகளில், பல முறை. 2017-ல் நியூசிலாந்தில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், தயாரிக்கும் விதம். வேதிப்பொருள் தூளாக வருகிறது. அதைக் கரைப்பானில் கலக்கி, ஏதோ ஒரு காய்ந்த இலையின் மேல் தெளித்து உலர்த்துகிறார்கள். எங்கே எவ்வளவு படிந்தது என்று யாரும் அளப்பதில்லை. ஒரே பாக்கெட்டின் ஒரு மூலையில் ஒன்றுமே இருக்காது, இன்னொரு மூலையில் ஆளைச் சாய்க்கும் அளவு இருக்கும். நேற்று இதே பாக்கெட்டில் ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவத்துக்கு இங்கே மதிப்பே இல்லை.

[திரையில்: 2016 ஜூலை 12, புரூக்ளின்.]

நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் அன்று 33 பேர் தெருவில் வெறித்த பார்வையோடு நின்றபடியே உறைந்துபோனார்கள். பத்திரிகைகள் "ஸாம்பி" என்று எழுதின. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, மயக்கத்தில் இருந்த மனிதர்கள் அவர்கள். 18 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு நடந்த ஆய்வில் ஆம்ப்-ஃபுபினாக்கா என்ற பொருள் சிக்கியது. டி.எச்.சி.யைப் போல் சுமார் 85 மடங்கு வீரியம். அதன் நெருங்கிய உறவான சேர்மம் ஃபைசர் நிறுவனத்தின் 2009 காப்புரிமை ஒன்றில் இருக்கிறது. மருந்தாக வெளிவரவே இல்லை.

அவர்களில் எட்டு நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது எல்லோரிடமும் கிடைத்தது, அந்தப் பொருள் உடைந்து உருவான அமிலம். முன்பின் அறியாத பொருள் என்றால் அது உடலில் எப்படி உடையும் என்பதும் தெரியாது. அது தெரியாமல் ரத்தத்தில் எதைத் தேடுவது? வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை டி.எச்.சி.யின் மிச்சத்தைத்தான் தேடும். இவற்றை எடுத்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை என்றே வரும். அடிக்கடி சோதனைக்கு ஆளாகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டன் சிறைகளுக்குள் இது கடிதமாகவே போனது. தாளில் ஊறவைத்து, காயவைத்து, அஞ்சலில் அனுப்பினார்கள்.

உடலில் என்ன நடக்கும்? இதயம் படபடக்கும், வாந்தி வரும், கடும் பதற்றம், இல்லாததைக் காண்பது, வலிப்பு. 2012-ல் அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் 16 பேருக்கு சிறுநீரகம் திடீரெனப் பழுதானது. 2018-ல் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிய, 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். பாக்கெட்டில் ப்ரோடிஃபகூம் என்ற எலி மருந்து கலந்திருந்தது. ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையை அது தடுத்துவிடும், வாரக்கணக்கில் உடலை விட்டுப் போகாது. நோயாளிகள் வைட்டமின் கே1 மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. அப்படியும் சிலர் இறந்தார்கள்.

தடை செய்தால் தீராதா? ஜெர்மனி 2009 ஜனவரியில் தடை செய்தது. நான்கு வாரத்தில் ஜே.டபிள்யூ.எச்-073 கலந்த புதிய சரக்கு கடைக்கு வந்துவிட்டது. அமெரிக்கா 2011 மார்ச்சில் ஐந்து பொருள்களைத் தடை செய்தது, அங்கேயும் இதே கதை. மூலக்கூறில் ஒரு அணுவையோ ஒரு கிளையையோ மாற்றினால் பட்டியலில் இல்லாத புதுப் பொருள் தயார். பெயர் வைப்பதில்கூடக் கிண்டல்: ஒன்றுக்கு ஏ.கே.பி.48, அது ஜப்பானியப் பெண்கள் பாட்டுக் குழுவின் பெயர். இன்னொன்றுக்கு எக்ஸ்.எல்.ஆர்-11, அது ஒரு ராக்கெட் என்ஜின். 2008-க்குப் பிறகு ஐரோப்பியப் போதைப்பொருள் கண்காணிப்பு அமைப்பு பதிவு செய்த செயற்கை கன்னாபினாய்டுகள் 250-ஐத் தாண்டிவிட்டன.

தனித்தனிப் பெயர்களாக இல்லாமல் குடும்பம் குடும்பமாகத் தடை செய்யும் சட்டங்கள் வந்தன. இந்தத் தூள் பெருமளவில் தயாரான சீனாவே 2021 ஜூலை 1 முதல் அப்படித் தடை செய்தது. அந்த வரையறைக்கு வெளியே நிற்கும் ஆக்ஸிஸிட் என்ற புதுக் குடும்பம் அதே ஆண்டில் சந்தைக்கு வந்தது. என் பார்வையில் இந்த ஓட்டத்தின் மோசமான விளைவு இதுதான்: ஓரளவு தெரிந்த பொருள் போய், அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாத பொருள் வருகிறது. முதலில் வந்ததை விடப் பின்னால் வந்தவை பலவும் வீரியம் கூடியவை.

[திரையில்: ஒரு வேப் கருவி, அதாவது மின்-சிகரெட்.]

இப்போது இலைகூடத் தேவையில்லை. 2024-ல் பாத் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தின் 38 பள்ளிகளில் பறிமுதலான 596 வேப்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் இருந்தது. கஞ்சா எண்ணெய் என்று நம்பி வாங்கியவர்கள் அந்த மாணவர்களில் பலர்.

மருத்துவர்கள் கையில் இதை முறிக்கும் மருந்து கிடையாது. சி.பி.1-ஐ அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து ஐரோப்பாவில் உடல் எடை குறைக்க விற்பனையில் இருந்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகின்றன என்று 2008-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால் வலிப்புக்கும் பதற்றத்துக்கும் மருந்து, நீர்ச்சத்து, இதயத்தையும் மூச்சையும் கவனித்துக்கொள்வது, இவ்வளவுதான் சிகிச்சை.

யாராவது இப்படிச் சரிந்துவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தனியாக விட்டுப் போகாதீர்கள். மூச்சு வருகிறது, ஆனால் நினைவில்லை என்றால் ஒருபக்கமாகப் படுக்கவையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் இருக்கும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். என்ன எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பயத்தில் பாக்கெட்டையோ வேப்பையோ தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். மீதி இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். என்ன பொருள் என்று ஆய்வகம் கண்டுபிடித்தால், அதே சரக்கோடு அடுத்து வரும் நோயாளிக்கு எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.